சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது

போன வாரம் எதிர் வீட்டுப் பையன் ஒரு பழைய மாருதி 800 வாங்கி வந்தான். 1998 மாடல். பெயின்ட் மங்கியிருந்தாலும் எஞ்சின் சத்தம் நன்றாகவே இருந்தது. அவனுடைய தாத்தாவும் நானும் ஒரே செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள். அந்த உரிமையில், “தாத்தா, ஸ்டீரியோ மாட்ட ஆள் வந்திருக்காங்க, வந்து பாருங்க” என்று கூப்பிட்டான். போனேன்.

மாட்ட வந்த இளைஞரிடம் ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கறுப்பு டேப் சுருள். இவ்வளவுதான் ஆயுதம். வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தார். இரண்டு முனைகளை முறுக்கினார். மேலே டேப்பைச் சுற்றினார். பாட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு வயரை இழுத்து, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் தகட்டில் ஓர் ஓட்டை தேடி நுழைத்தார்.

“தம்பி, இந்த வயருக்கு ஃபியூஸ் எங்கே?” என்று கேட்டேன்.

“செட்டுலயே இருக்கு ஐயா.”

இதே பதிலை, இதே சொற்களில், 2013-ல் நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை கொடுக்க இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வழக்கமாக இங்கே பழைய கதைகள் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இன்றைக்குக் கொஞ்சம் சண்டை போட வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

என்னிடம் 1989-ம் வருடத்துப் பிரீமியர் பத்மினி ஒன்று இருந்தது பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஜி.பி.எஃப்.பில் கடன் போட்டு செகண்ட் ஹாண்டில் வாங்கியது. நான் ஓய்வு பெற்ற சமயத்தில் என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. என்னோடு வெளியே வருவாள், ஆனால் வண்டியை விட்டு இறங்க மாட்டாள். நான் வேலையை முடித்துக்கொண்டு வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, வானொலியில் பழைய பாட்டாவது கேட்கட்டும் என்றுதான் ஸ்டீரியோ போட நினைத்தேன்.

கடைக்காரர் மாட்டுக்கூலி 500 ரூபாய் கேட்டார். நான் 300-க்குப் பேசி முடித்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, பாட்டும் வந்தது. 200 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். அந்த 200 ரூபாயை மறந்துவிடாதீர்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

நவம்பர் மாதம் என்றால் பென்ஷன்காரர்களுக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் என் நண்பர்கள் இதையே “செர்த்திஃபிகா த வீ” என்பார்கள். எந்தப் பாஷையில் சொன்னாலும் ஒன்றுதான், ‘இன்னும் சாகவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். நான் பாங்க் வாசலில் வண்டியை நிறுத்தினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினைந்து பேர்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் வண்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே வெண்மையாகப் புகை.

நடந்தது இதுதான். என் மனைவி தன் கைப்பையை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் தட்டில் தள்ளி வைத்திருக்கிறாள். அங்கே ஸ்டீரியோவுக்கு வந்த வயரின் இணைப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கோடை வெயிலில் டேப்பின் பசை இளகி, சுற்று தளர்ந்து, உள்ளேயிருந்த செம்பு வெளியே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. பை தள்ளியதில் அது இரும்பில் பட்டது. பட்டதும் ஒட்டிக்கொண்டது. வயர் முழுவதும் காய்ந்து, தோல் உருகி, பக்கத்து வயர்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு புகைந்தது. முழங்கால் மடங்காத பெண்மணி. கதவைத் திறந்துவிட்டாள், ஆனால் இறங்க முடியவில்லை. ஒரு காலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு “என்னங்க, என்னங்க” என்று கூப்பிட்டிருக்கிறாள். நானோ உள்ளே உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காப்பாற்றியவர் எதிரே ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர். முன்பு வாடகைக்குப் பியட் ஓட்டியவராம். “அம்மா, கையைக் கொடுங்க” என்று அவளை இழுத்து வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டு பானெட்டைத் திறந்து, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பாட்டரி முனையைப் பிடுங்கி எறிந்தார். அந்த முனையின் போல்ட் பல மாதங்களாகவே தளர்ந்திருந்தது. இறுக்க வேண்டும், இறுக்க வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இறுக்கியிருந்தால் ஸ்பானர் தேட வேண்டியிருந்திருக்கும். என் வாழ்நாளில் என் சோம்பேறித்தனம் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் கடைக்காரரிடம் போனேன். அவர் பதறவே இல்லை. ஸ்டீரியோவைக் கழற்றி, அதன் முதுகில் இருந்த 10 ஆம்பியர் ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க சார், ஃபியூஸ் போகவே இல்ல. செட்டும் நல்லா இருக்கு. எங்க வேலையில தப்பு இருந்தா இது போயிருக்கும்ல?”

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

*

எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் பிரெஞ்சில்தான். உங்களில் பலர் V = IR என்று படித்திருப்பீர்கள். நாங்கள் U = RI என்று படித்தோம். எழுத்துதான் வேறு, விஷயம் ஒன்றே. ஃபியூஸுக்குப் பிரெஞ்சில் ‘ஃப்யூஸீப்ல்’ என்று பெயர், அதாவது உருகக்கூடியது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ‘மின் உருகி’. இரண்டு பாஷைக்காரர்களும் அதன் வேலையையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அது உருக வேண்டும், வயர் உருகக் கூடாது என்பதற்காக.

நாம் எல்லோரும் செய்யும் தவறு, ஃபியூஸ் செட்டைக் காப்பாற்றுவதற்காக என்று நினைப்பது. செட்டின் முதுகில் இருப்பது செட்டுக்கான காவல்தான். ஆனால் பாட்டரியிலிருந்து செட் வரை இரண்டு மூன்று மீட்டர் வயர் வருகிறதே, அதற்குக் காவல் யார்? வழியில் எங்கேயாவது அந்த வயர் இரும்பில் பட்டால், மின்சாரம் செட்டுக்குப் போகாமலே பாட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. செட்டின் ஃபியூஸுக்கு நடந்தது தெரியவே தெரியாது. தெரு முனையில் திருட்டு நடக்க, வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருக்கும் காவலாளி அது. கடைக்காரர் எனக்குக் காட்டிய ‘போகாத ஃபியூஸ்’ அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்று அல்ல. அதுதான் குற்றத்துக்கே சான்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 2 மீட்டர் நீளம் என்றால் அதன் தடை ஏறக்குறைய 0.07 ஓம். 12 வோல்ட்டை இதனால் வகுத்தால் 170 ஆம்பியர். பாட்டரிக்குள்ளும் இணைப்புகளிலும் கொஞ்சம் தடை இருக்கும், ஆகவே 100 என்றே வைத்துக்கொள்வோம். நூறு ஆம்பியர் அந்த வயரில் ஓடினால் உண்டாகும் சூடு 700 வாட்ஸ். சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்று அவ்வளவுதான் எடுக்கும். அந்த இஸ்திரிப் பெட்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால், பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் சொருகி வைத்துவிட்டு, மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

“சாவி எடுத்துட்டா கரண்ட் இருக்காதே” என்று நானும் அன்று நினைத்தேன். பிரான்சில் கராஜில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் அடுத்த விடுமுறையில் வந்தபோதுதான் விளக்கினான். அங்கே மெக்கானிக்குகள் இரண்டு ப்ளஸ் என்று பேசுவார்களாம். ஒன்று ‘பெர்மனான்’, எப்போதும் இருப்பது. இன்னொன்று ‘ஆப்ரே கொந்தாக்த்’, சாவி போட்ட பிறகு வருவது. ஸ்டீரியோவுக்கு இரண்டும் வேண்டும். பொதுவாக மஞ்சள் வயர் எப்போதும் இருக்கும் ப்ளஸ்ஸுக்கு. கடிகாரமும், நாம் பதிந்துவைத்த வானொலி நிலையங்களும் மறந்துபோகாமல் இருப்பதற்காக. சிவப்பு, சாவி போட்டால் வரும் ப்ளஸ்ஸுக்கு. கறுப்பு பாடிக்கு, பிரெஞ்சில் அதை ‘மாஸ்’ என்போம். ஆக, பாட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தது தவறில்லை. காவல் இல்லாமல் இழுத்ததுதான் தவறு. அந்த வயருக்கு இரவு பகல் கிடையாது, சாவி கிடையாது. நீங்கள் தூங்கும்போதும் அது விழித்திருக்கிறது.

*

இனி, எனக்கு எப்போதும் சொல்லப்படும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, “முப்பது வருஷமா இப்படித்தான் போடுறோம், ஒண்ணும் ஆகல.” எதுவும் ஆகாத வண்டிக்காரர் திரும்பி வருவதில்லை. ஏதாவது ஆன வண்டிக்காரர் அந்தக் கடைக்குத் திரும்பி வருவதில்லை. நான் போனேன், எனக்கு நல்லபடியாக இருக்கும் ஃபியூஸைக் காட்டி அனுப்பினார்கள். பிறகு அவர்கள் கணக்கில் எப்படி ஏறும்?

இரண்டாவது, “பழைய வண்டிக்குப் போய் இவ்வளவு எதுக்கு சார்?” பழைய வண்டிக்குத்தான் வேண்டும். வயர்களின் தோல் வயதாகி விறைத்துப்போயிருக்கும், மடக்கினால் வெடிக்கும். நம் ஊர்க் கடல் காற்றில் பாடியின் இரும்பு துருப்பிடித்திருக்கும், கறுப்பு வயரை எங்கே முடுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. ஒரிஜினல் ஃபியூஸ் போன இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுற்றிவைத்திருப்பார். நானே என் வண்டியில் இரண்டு எடுத்திருக்கிறேன்.

மூன்றாவது, “செட் 200 வாட்ஸ் சார், பெரிய கம்பெனி, அதுல எல்லா பாதுகாப்பும் இருக்கு.” பெட்டியின் மேல் 4 x 50 வாட்ஸ் என்று போட்டிருக்கும். முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். ஓடும் வண்டியில் 14 வோல்ட் என்றாலும் 10 ஆம்பியருக்கு மொத்தம் 140 வாட்ஸ்தான் உள்ளேயே போகிறது. அதில் பாதி சூடாகப் போய்விடும். தொடர்ந்து 200 எப்படி வெளியே வரும்? பெட்டி மேல் அச்சடித்திருப்பதை நம்பி வயருக்குக் காவல் வைக்காமல் விடாதீர்கள்.

நான்காவதுதான் எனக்கு வலிக்கும் சமாதானம். “300 ரூபாய்க்கு இவ்வளவுதான் சார் செய்ய முடியும்.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 200 ரூபாய்க்கு வந்துவிட்டேன். ஒழுங்காகச் செய்தால் இது ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. நான் பேரம் பேசிக் குறைத்தது அவருடைய லாபத்தை அல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் குறைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் மாத்திரை விலையில் பேரம் பேசாத நாம், உயிர் உட்காரும் இடத்தில் வயர் வேலைக்குப் பேரம் பேசுகிறோம். கடைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கு என்னோடும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

*

இனி, ஆபீஸ் பழக்கத்தில், வரிசை எண் போட்டுச் சொல்கிறேன். வேலையை நீங்களே செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று கேளுங்கள்.

1. பாட்டரி ப்ளஸ்ஸிலிருந்து கிளம்பும் எந்தப் புது வயருக்கும், கிளம்பிய ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். செட்டின் முதுகில் 10 ஆம்பியர் என்றால் இங்கே 15 போதும். அதோடு, வயரும் அதைத் தாங்கும் பருமனாக, 2.5 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். மெல்லிய வயரில் பெரிய ஃபியூஸ் போட்டால் முதலில் உருகுவது வயர்தான்.

2. தகட்டு ஓட்டைக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. வண்டி ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு முடி அளவு அறுக்கும்.

3. முறுக்கி டேப் ஒட்டுவது வேண்டாம். முனைகளைச் சரியான கிளிப்பில் நசுக்கி இணைத்து, மேலே சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். நம் ஊர் மே மாதத்துக்கு டேப் பசை தாங்காது.

4. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்க விடாதீர்கள். அவர்களுக்கு அது சுலபம். சாவியை எடுத்த பிறகும் செட் அணையாது. அணைக்க மறந்தால், ஒரு ஆம்பியர் இழுத்தாலே 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றரை நாளில் படுத்துவிடும். சிவப்பை இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரிலும் ஒட்டக் கூடாது. அங்கே ஷார்ட் ஆனால் ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

5. பழைய வண்டிகளில் ஸ்பீக்கருக்கு ஒரே வயர் போட்டு, மைனஸைப் பாடியில் முடுக்கியிருப்பார்கள். இன்றைய செட்டுக்கு அது ஆகாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரும் செட்டிலிருந்தே வர வேண்டும். எந்த மைனஸும் பாடியில் படக் கூடாது, ஒன்றோடொன்றும் சேரக் கூடாது. சேர்ந்தால் செட்டின் உள்ளே இருக்கும் சில்லு கருகும்.

6. இது என் சொந்தச் சேர்க்கை. எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, என்ன நிறம், ஃபியூஸ் எங்கே, என்றைக்கு மாட்டியது என்று ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் வையுங்கள்.

கடைசியானதைக் கேட்டுச் சிரிப்பீர்கள், குமாஸ்தா புத்தி போகவில்லை என்று. புகைந்த பிறகு என் வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றினோம். எனக்கு முன்பிருந்தவர்கள் மாட்டிய ரிவர்ஸ் ஹாரன், பனி விளக்கு, திருட்டு அலாரம் என்று எல்லாவற்றின் வயர்களும் அங்கே இருந்தன. சாமான்கள் போய்விட்டன, வயர்கள் மட்டும் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தன. எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கோப்புப் பார்த்தவன் நான். நோட்டிங் இல்லாத கோப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலதிகாரியிடம் சண்டை போட்டவன். என் மனைவியை உட்கார வைத்த வண்டியில் நோட்டிங் இல்லை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

*

எதிர் வீட்டு மாருதிக்கு வருகிறேன். இளைஞருக்கு என் மேல் கோபம்தான். “ஐயா, இப்படியே போனா நாளைக்கு ஒரு வண்டிதான் பார்க்க முடியும்” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. “சரி தம்பி, இரண்டு வண்டிக்கான கூலி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன். என் நண்பரின் பேரனும் ஒத்துக்கொண்டான். அவனே சைக்கிளில் போய் உதிரிபாகக் கடையிலிருந்து ஹோல்டர், ஃபியூஸ், ரப்பர் வளையம், ஸ்லீவ் எல்லாம் வாங்கி வந்தான். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தொடவில்லை. வேலை முடிய ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசியில் அந்த இளைஞர் தானாகவே, “தாள் கொடுங்க ஐயா, எழுதிடுறேன்” என்றார். கையெழுத்து சுமார்தான், ஆனால் நிறம் நிறமாக ஒழுங்காக எழுதியிருந்தார்.

என் மனைவி அந்த நவம்பருக்குப் பிறகு நிறுத்திய வண்டியில் தனியாக உட்காருவதில்லை. வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு பாங்குக்குள்ளேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். பத்மினியைப் பிறகு விற்றுவிட்டேன்.

உங்களில் சிலரிடம் இன்னும் பழைய வண்டி இருக்கிறது, எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஊரிலிருந்து வரும்போது புது ஸ்டீரியோவும் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் பானெட்டைத் திறந்து பாருங்கள். பாட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து தடித்த வயரைத் தவிர மெல்லிய வயர் எத்தனை கிளம்புகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே ஒரு சாண் போங்கள். ஃபியூஸ் தட்டுப்பட்டால் நிம்மதியாகப் பாட்டுக் கேளுங்கள். தட்டுப்படாவிட்டால், அந்த வயரை முறையாகச் சரி செய்யும்வரை அந்த வண்டியில் யாரையும் உட்கார வைத்துவிட்டு இறங்காதீர்கள்.